நைனாவின் மேலுதடு

போட்டோவில் மீசையை எடுப்பது பெரிய வேலை இல்லை. வெள்ளைச் சாயத்தில் ஊசிமுனை அளவு கறுப்பைக் கலக்க வேண்டும். பக்கத்துக் கன்னத்தின் நிறம் வந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் இழுத்துவிடலாம். மீசைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இழுப்பதுதான் கஷ்டம்.

நான் அப்போது சித்தூரில் ஒரு அச்சகத்தில் பிளாக் செய்துகொண்டிருந்தேன். அங்கே வாரம் ஒரு பத்திரிகை வந்தது. பத்திரிகையில் படம் போட வேண்டும் என்றால் போட்டோவை அப்படியே அச்சடிக்க முடியாது. மெஷினுக்கு மை உண்டு, மை இல்லை, இரண்டுதான் தெரியும். நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்று இருப்பது தெரியாது. அதனால் போட்டோவைப் பெரிய கேமரா முன்னால் மாட்டி, நடுவில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட கண்ணாடியை வைத்து மறுபடியும் படம் எடுப்போம். முகம் முழுக்கப் புள்ளியாகிவிடும். கறுத்த இடத்தில் பெரிய புள்ளி, வெளுத்த இடத்தில் சின்னப் புள்ளி. அந்தப் புள்ளிகளைத் துத்தநாகத் தகட்டில் இறக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவில் மருந்து கலந்து தகட்டில் பூசி, புள்ளிப் படத்தை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டுவோம். பெரிய ஊர்களில் அதற்கு விளக்கு இருந்தது. எங்களுக்குச் சித்தூர் வெயில். பிறகு தகட்டை ஆசிட் தட்டில் போட்டு ஆட்டினால், புள்ளி நிற்கும். மற்ற இடத்தை ஆசிட் அரித்துவிடும். தேக்குக் கட்டையில் வைத்து ஆணி அடித்தால் பிளாக் ஆயிற்று.

எனக்குப் படிப்பு நாலாவதோடு சரி. மெட்ராஸில் ஒரு பிளாக் கம்பெனியில் ஆசிட் தட்டு ஆட்டும் வேலைக்குப் போய், மற்றதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆசிட் பட்டு விரல் எல்லாம் மஞ்சள். மீசை வைத்தால் அந்தப் புகைக்கு அதன் நுனியும் மஞ்சளாகும். அதனால் வைக்கவில்லை. எங்கள் கம்பாசிட்டர் என்னை ஆசிட்டு என்றுதான் கூப்பிடுவார். அவர் தெலுங்கர். தமிழ் எழுத்தும் கோப்பார், தெலுங்கு எழுத்தும் கோப்பார், இரண்டிலும் திட்டுவார்.

போட்டோ வந்ததும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். எங்கள் காகிதம் மட்டம். நெருக்கமான புள்ளி போட்டால் மை அப்பிக்கொள்ளும். பெரிய புள்ளிதான் தாங்கும். பெரிய புள்ளியில் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். அதனால் மூக்கு ஓரத்தில் ஒரு கோடு, கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு, சட்டைக் காலருக்கு ஒரு கரை என்று நாமே வரைந்துவிட வேண்டும். சிலர் அதற்கு மேலும் கேட்பார்கள். கையில் இருக்கும் சிகரெட்டை எடு, கழுத்தில் மாலை போடு, கொஞ்சம் சிவப்பாகக் காட்டு என்பார்கள். எடுப்பேன், போடுவேன், காட்டுவேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லை எங்கே என்று பேச்சு நடந்த காலம் அது. இரண்டு பக்கத்தாரும் கூட்டம் போட்டார்கள். எங்கள் அச்சகத்தில் கூட்டத்து பிளாக் ஒன்றே ஒன்று இருந்தது. தமிழர் கூட்டத்துக்கும் அதுதான், தெலுங்கர் கூட்டத்துக்கும் அதுதான். தலைகள்தானே. ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கத்தில். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு. அவருக்கு ஊர் மெட்ராஸ் பக்கம் போக வேண்டும். ஒருமுறை நான் வீட்டுக்குப் போயிருந்தபோது கூழ் குடித்துக்கொண்டே சொன்னார்.

"ஊரு அந்தப் பக்கம் போச்சுன்னா ஏழுமலையானுக்கு முடி குடுத்துடறேன்."

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். "திருத்தணி முருகன் பக்கத்துலயே கீறாரு. அவருக்குக் குடுத்தா ஆவாதா?"

"அவரே எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுக்கினு கீறாரு. அவருகிட்டப் போயி இன்னாத்த வேண்டிக்கறது?"

"எந்தப் பக்கம் போனா உங்களுக்கு இன்னா? மாடு தெலுங்குலயா கத்தப் போவுது?"

"தாலுக்கா ஆபீசு காயிதமெல்லாம் தெலுங்குல வருதுடி."

"தமிழ்ல வந்தா மட்டும் படிச்சிக் கிழிச்சிடுவீங்களா?"

"நான் படிக்கமாட்டேன். எவனாவது படிச்சா காதுல உழுந்தாப் புரியும்ல."

சொல்லிவிட்டு மீசையைத் துடைத்தார். அவருக்கு மீசை மேலுதட்டை முழுக்க மூடியிருக்கும். எதைக் குடித்தாலும் அது நனையும், உடனே துடைப்பார். தலையிலும் நிறைய முடி, நரைத்து, அடர்த்தியாக.

பிறகு ஒருநாள் எந்தெந்த ஊர் எந்தப் பக்கம் என்ற விவரம் அச்சகத்துக்கு வந்தது. கம்பாசிட்டர் எழுத்துக் கோத்துக்கொண்டே சத்தமாகப் படித்தார். திருத்தணி அந்தப் பக்கம். எங்கள் ஊர் இந்தப் பக்கமே, ஆந்திராவோடு. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆசிட்டு, உங்க ஊரு இங்கயேதான். இனிமே நுவ்வு மனவாடே."

நீ இனிமேல் எங்கள் ஆள் என்கிறார். நான் சரி என்று தட்டை ஆட்டினேன். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஆசிட் எந்த மாநிலத்திலும் ஒரே மாதிரி அரிக்கும்.

எனக்குத் தெரியாத விஷயம், அன்றைக்கு எங்கள் ஊரில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள் என்பது. திருத்தணியோடு சேர்ந்து எங்கள் ஊரும் போய்விட்டது என்று பஸ்ஸில் வந்த யாரோ சொல்லியிருக்கிறான். நைனா கேட்டதும் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, "மொட்டை போட்டுக்கினு வந்துடறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறிவிட்டார்.

திரும்பி வரவில்லை.

பத்து நாளுக்கு மேல் ஆனதும் அம்மா சித்தூருக்கு வந்தாள். அச்சகத்து வாசலில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். போலீஸில் சொன்னாளாம். "திருப்பதிக்குத்தானே போனாரு, சாமி அனுப்புனா வருவாரு" என்றார்களாம்.

பத்திரிகை நடத்துகிறவர் எங்கள் முதலாளிதான். உள்ளே போய் அவரிடம் காணவில்லை என்று போட வேண்டும் என்றேன். யாரை என்றார். நைனாவை என்றேன். ஒரு பத்தி அகலத்தில் படத்தோடு போட்டுக்கொள் என்றார்.

படம் எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. முதல் சம்பளம் வாங்கியபோது அம்மாவையும் நைனாவையும் திருப்பதிக்கு அழைத்துப்போய் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அவர்கள் இருவரும் நாற்காலியில். நான் நைனாவுக்குப் பின்னால் நின்றேன். நைனா தலைப்பாகையைக் கழற்ற மாட்டேன் என்றார். முகத்தில் நிழல் விழும் என்று போட்டோக்காரர் கெஞ்சிக் கழற்ற வைத்தார். அதனால்தான் அவர் தலைமுடி படத்தில் இருந்தது.

அம்மா அதை மடியிலேயே கொண்டுவந்திருந்தாள். நான் வாங்கிப் பார்த்தேன். நைனாவின் முகம் கட்டைவிரல் நகம் அளவு.

"முடியோட போடறதா, மொட்டையாப் போடறதா?" என்று கேட்டேன்.

அம்மாவுக்குப் புரியவில்லை. கம்பாசிட்டர்தான் எழுந்து வந்து விளக்கினார். "மொட்ட போடறேன்னு போனவருக்கு மீசையோட படம் போட்டா எவனுக்கும்மா அடையாளம் தெரியும்? அங்க மீசையும் சேத்து எடுத்துடுவான்."

"மொட்டைதான் போட்டிருப்பாரு" என்றாள் அம்மா.

"ஊரு அந்தப் பக்கம் போவலையேம்மா" என்றேன். "போவலன்னா வேண்டுதலும் இல்ல. மொட்டை எதுக்கு?"

"போவலன்னு அவருக்கு எவன் சொன்னான்?"

"திருப்பதில பேப்பர் வருதே. யாராவது சொல்லியிருப்பாங்க."

"சாமிக்குச் சொன்னா செஞ்சிட்டுத்தான் அடுத்த வேலை அவருக்கு. மலை ஏறினதும் முடிய எறக்கியிருப்பாரு."

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. நைனா மலை ஏறும் முன் யாராவது உண்மையைச் சொல்லியிருந்தால் தலையில் முடி இருக்கும். ஏறி, கொடுத்துவிட்டு, பிறகு கேட்டிருந்தால் இருக்காது. எங்களுக்கு எப்படித் தெரியும்? முதலாளியிடம் போய் இரண்டு படம் போடலாமா என்று கேட்டேன். முடியோடு ஒன்று, மொட்டையாக ஒன்று.

"ரெண்டு படம் போட்டா ரெண்டு ஆள் காணாமப் போயிட்டான்னு நினைப்பாங்கய்யா. ஒன்னு போடு" என்றார்.

வேலை தெரிந்தவன் முதலில் முடியோடு பிளாக் செய்வான். பிளாக்கில் எடுக்கலாம், வைக்க முடியாது. முடி வேண்டாம் என்றால் பிற்பாடு உளியால் அந்தப் புள்ளிகளைச் சுரண்டிவிடலாம். சுரண்டின இடத்தில் மறுபடி புள்ளி முளைக்காது. இதை நான் அம்மாவிடம் சொன்னேன். ஆனால் அப்படிச் சுரண்டினால் தலை கிண்ணம் கவிழ்த்த மாதிரி வெள்ளையாக இருக்கும். தலை மாதிரி இருக்க வேண்டும் என்றால் போட்டோவிலேயே சாயம் போட வேண்டும். போட்டோ பளபளப்பு இல்லாத காகிதத்தில் போட்டது. சாயம் ஊறிவிடும். பிறகு வராது.

வேறு பிரதி கிடைக்குமா என்று அன்றைக்கே திருப்பதிக்கு பஸ் ஏறினேன். ஸ்டுடியோக்காரர் என்னை மறந்திருந்தார், நைனாவை மறக்கவில்லை. "தலப்பா பெரியவரா?" என்றார். உள்ளே போய்த் தேடினார். அப்போதெல்லாம் கண்ணாடித் தகட்டில்தான் எடுப்பார்கள். வெறுங்கையோடு வந்தார்.

"பழைய தகடெல்லாம் வெந்நீர்ல கழுவிட்டோம் தம்பி. கண்ணாடி வெல ஏறிப்போச்சு. சாமி படத்துக்குச் சட்டம் போட்டுட்டோம்."

சுவரில் வரிசையாகச் சட்டம் போட்ட சாமி படங்கள் இருந்தன. எந்தக் கண்ணாடி எங்கள் கண்ணாடி என்று நான் கேட்கவில்லை.

"இந்தப் போட்டோவ நகல் எடுத்துத் தரட்டுமா?" என்றார். நகலை எடுத்து, அதிலிருந்து மறுபடி கேமராவில் எடுத்தால் அந்த நகம் அளவு முகம் கரைந்துவிடும். எனக்கே தெரியும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அம்மா அச்சகத்து வாசலிலேயே இருந்தாள். கம்பாசிட்டர் வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. சாப்பிடவில்லை.

"தகடு இல்லம்மா" என்றேன். "இதுலதான் போடணும். போட்டா இந்தப் படம் போச்சு."

"ஆளே வந்துட்டா படம் எதுக்கு? போடு" என்றாள்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆரம்பித்தேன். முதலில் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் தோளை மறைக்க வேண்டும். சாம்பல் சாயம் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னை ஏண்டா அழிக்கிறே?"

"ஒருத்தரத்தானேம்மா தேடறோம்."

தலை சுலபமாக வந்தது. நைனாவின் மண்டையை எனக்குத் தெரியும். எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். பின்பக்கம் கொஞ்சம் நீட்டம், நெற்றிக்கு மேலே ஒரு மேடு. மேட்டில் வெளிச்சம் விழுவது மாதிரி ஒரு வெள்ளை வைத்தேன். மீசைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. மேலுதடு மெல்லிசா, தடிப்பா, நடுவில் பள்ளம் எவ்வளவு, எதுவும் தெரியாது. நான் பிறந்ததிலிருந்து அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

"நைனாவுக்கு மேலுதடு எப்பிடிம்மா இருக்கும்?"

அம்மா யோசித்தாள். "கல்யாணத்தப்பவே மீசை. எனக்கு இன்னா தெரியும்?"

கம்பாசிட்டர் எழுத்துப் பெட்டி பக்கத்திலிருந்து, "இன்னாம்மா, இத்தன வருசம் குடும்பம் பண்ணி உதடு தெரியாதா?" என்றார். அம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "போய்யா" என்றாள். பிறகு போட்டோவில் என்னைத் தொட்டுக் காட்டினாள்.

"இதப் போடு. உன் உதடு வேற எங்கேந்து வந்திருக்கும்?"

அது சரியாகத்தான் பட்டது. அதே படம், அதே வெளிச்சம். நான் மீசை இல்லாமல் அவருக்குப் பின்னாலேயே நிற்கிறேன். என் மேலுதட்டைப் பார்த்துப் பார்த்து அவர் முகத்தில் போட்டேன். பிறகு என்னையும் சாம்பலால் மறைத்தேன்.

பிளாக் நன்றாக வந்தது. அன்றைக்கு நல்ல வெயில். பத்திரிகை வந்ததும் முதல் தாளை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மை போட்டா மாதிரி கீதேடா."

தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள்.

நான் ஒரு கட்டுப் பத்திரிகையோடு திருப்பதிக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் தொடங்கினேன். சத்திரம், ஸ்டேஷன், குளத்தங்கரை. மேலே போய் முடி எடுக்கும் கல்யாணக்கட்டையில் கேட்டேன். முடி எடுப்பவர் கத்தியை நிறுத்தாமல் படத்தைப் பார்த்தார். பிறகு கத்தியால் வெளியே காட்டினார். வெளியே படியிலும் நிழலிலும் வெயிலிலும் மொட்டைத் தலைகள். சந்தனம் பூசின தலைகள். ஆண், பெண், பிள்ளை. அச்சகத்துக் கூட்டத்து பிளாக் மாதிரி.

"இதுல எதுன்னு சொல்லுப்பா" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

கீழே ஒரு டீக்கடைக்காரர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இதி நுவ்வே கதா?" என்றார். இது நீதானே என்கிறார்.

"இல்லண்ணா. எங்க நைனா."

"தமாசு பண்ணாத. மொட்ட போட்டுக்கினு எடுத்திருக்கே. வாய் அப்பிடியே கீது. உன் படத்தக் காட்டி உன்னையே தேடறியா?" பெஞ்சில் இருந்தவர்களிடமும் கொடுத்தார். பத்திரிகை கை மாறிற்று. எல்லோரும் படத்தையும் என்னையும் பார்த்தார்கள். ஒருவர், "உங்க அண்ணனா?" என்றார். நைனாவைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்திருந்தார்கள்.

பிறகு அலிபிரிக்குப் போனேன். மலைப் படி தொடங்கும் இடம். அங்கே தேங்காய் கற்பூரம் விற்கும் ஒரு பெண்பிள்ளை. எங்கள் பக்கத்துப் பேச்சு. படத்தைக் காட்டினேன்.

"தெரியாதுப்பா" என்று திருப்பிக் கொடுத்தாள். நான் நகர்ந்தபோது, "எந்த ஊரு?" என்றாள். சொன்னேன்.

"உங்க ஊருக்கார பெருசு ஒன்னு ஒரு வாரமா இங்கயே குந்திக்கினு இருந்திச்சு. போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்தி, எங்க ஊரு எந்தப் பக்கம், எங்க ஊரு எந்தப் பக்கம்னு. ஒருத்தன் அந்தப் பக்கம்பான், இன்னொருத்தன் இந்தப் பக்கம்பான். பெருசு ரெண்டு படி ஏறும், எறங்கிடும்."

"ஏன்?"

"ஊரு போயிருந்தா முடி குடுக்கணுமாம். போவலன்னா குடுக்கக் கூடாதாம். குடுக்கவும் பயம், குடுக்காம ஊட்டுக்குப் போவவும் பயம். பொட்டலம் சோறு குடுத்தேன். துன்னிச்சு. மீசையத் தொடச்சிக்கினே இருக்கும்."

"மீசை இருந்ததா?"

"இம்மாம் மீசை. தலை நெறைய முடி."

"அவருதாம்மா. இவருதான் அவரு." மறுபடி படத்தை நீட்டினேன். அவளும் மறுபடி பார்த்தாள். நல்லவள். கண்ணைச் சுருக்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது அவரு இல்லப்பா" என்றாள். "அந்தப் பெருசு வேற."

எங்கே போனார் என்று கேட்டேன். எங்கேயோ எல்லைக்குக் கல் நடுகிறார்கள் என்று யாரோ சொன்னானாம். கல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும், பார்த்துவிட்டு வந்து முடி கொடுக்கிறேன் என்று சொல்லி, கிழக்கே கடலோரம் இருக்கும் தடா என்ற ஊர்ப் பக்கம் போகிற ஒரு லாரியில் ஏறிக்கொண்டாராம்.

தடாவுக்குப் போனேன். எங்கள் ஊருக்கும் அந்த எல்லைக்கும் சம்பந்தம் இல்லை. அது நைனாவுக்குத் தெரியாது. ரோட்டோரம் லாரிகள் நின்றன. சாப்பாட்டுக் கடைகளில் கேட்டேன். படத்தைக் காட்டாமல் வாயால் சொன்னேன். வயசானவர், நரைத்த முடி, பெரிய மீசை என்றேன். "பேப்பர்ல மொட்டையாப் போட்டிருக்கே" என்றான் ஒருவன். என் கக்கத்தில் இருந்த பத்திரிகைக் கட்டைப் பார்த்துவிட்டான். நான் சொன்னதை அதற்குப் பிறகு ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அந்தப் பத்திரிகைகளை அங்கேயே ஒரு கடையில் கொடுத்துவிட்டேன். வடை மடிப்பார்கள்.

சித்தூர் வந்து போட்டோவை எடுத்தேன். ஈரப் பஞ்சால் தலையை மெல்ல ஒற்றினேன். சாயம் கொஞ்சம் வந்தது. இன்னும் ஒற்றினேன். சாயத்தோடு கீழே இருந்ததும் வந்துவிட்டது. வெறும் காகிதம் தெரிந்தது. நிறுத்திவிட்டேன். பிளாக்கை எடுத்துப் பார்த்தேன். மேலுதட்டில் பொடிப் புள்ளிகள். அதில் மீசை வைக்க முடியாது.

முதலாளி இன்னொரு வாரம் போட்டுக்கொள்ளச் சொன்னார். வேறு வழியில்லாமல் அதே பிளாக்கை மறுபடி போட்டோம். கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கம்பாசிட்டர் கோத்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டினார். "இவருக்குப் படத்தில் இல்லாத முடியும் மீசையும் உண்டு."

"சரியாத்தான் கீது" என்றேன்.

அவர் அதற்குக் கேலி பேசவில்லை. பேசுவார் என்று எதிர்பார்த்தேன். மை தடவின கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனார்.

ஒருவரும் வரவில்லை. வருஷம் போயிற்று. இன்னும் சில வருஷம் போயிற்று. பங்காளிகள் அம்மாவிடம் வந்து, எத்தனை நாள் இப்படியே இருப்பது, ஒரு நாள் பார்த்துக் காரியத்தைச் செய்துவிடலாம் என்றார்கள். பொம்மை செய்து வைத்துச் செய்யலாம், படம் வைத்தும் செய்யலாம் என்றார்கள். அம்மா, "படம் ஏது?" என்று மட்டும் கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. அவள் பொட்டு வைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஒருமுறை நான் ஊருக்குப் போனபோது அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பழைய பத்திரிகைத் துண்டு. ஓரம் எல்லாம் மஞ்சளாகி மடிப்பில் கிழிந்திருந்தது. கையில் ஒரு கரித்துண்டு. நான் வந்ததைப் பார்த்து மறைக்கவில்லை. தலையில் முடி போட்டிருந்தாள். மேலுதட்டை மறைத்து மீசையும் போட்டிருந்தாள். அளவு சரியாக இருந்தது. மீசை நுனி எங்கே வளையும் என்று எனக்கே ஞாபகம் இல்லை, அவளுக்கு இருந்தது.

கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். என்னிடம் காட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"நீ மீசை வெச்சா இப்பிடித்தான் இருப்பே போல" என்றாள்.

துண்டை அடுப்பில் போட்டாள். எனக்குச் சோறு போட எழுந்தாள்.

அவளும் போய்விட்டாள். பொட்டோடுதான் எடுத்தோம். ஊர் இந்தப் பக்கமே இருக்கிறது. நிலம் இன்னும் நைனா பேரில்தான். காகிதம் தெலுங்கில் வருகிறது. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

அச்சக வேலையை விட்டு வெகுகாலம் ஆயிற்று. இப்போது ஆசிட் புகை இல்லை. மீசை வைக்கலாம். வைக்கவில்லை.